இடைவேளைக்காரர்

லண்டன் பிக்காடிலி சர்க்கஸிலிருந்து கூப்பிடு தூரத்தில், கிரேட் விண்ட்மில் தெருவில் ஒரு சின்ன தியேட்டர் இருந்தது. தெருவின் பெயரே தியேட்டருக்கும். முந்நூற்றுச் சொச்சம் இருக்கைகள். அங்கே டிக்கெட் எடுத்தவர்களில் சிரிப்பதற்காக உள்ளே போனவர் அநேகமாக யாரும் இல்லை. ஆடையில்லாத பெண்கள் மேடையில் சிலைபோல நிற்பார்கள், கூட்டம் அதற்குத்தான். நாடகத் தணிக்கை அப்போது அரண்மனையைச் சேர்ந்த லார்ட் சேம்பர்லின் அலுவலகத்தின் கையில் இருந்தது. அசையாமல் நின்றால் கலை, அசைந்தால் ஆபாசம் என்பது அவர்கள் போட்டிருந்த கணக்கு. விண்ட்மில் அந்தக் கணக்குக்குள்ளேயே 1932 முதல் பல ஆண்டுகள் பிழைப்பை ஓட்டியது. போரில் குண்டு விழுந்த நாட்களிலும் காட்சிகள் நடந்தன. ‘நாங்கள் மூடவே இல்லை’ என்பது அவர்களுடைய விளம்பர வாசகம்.

மதியம் திரை ஏறினால் இரவு பதினொன்று வரை இறங்காது. ஒரு நாளைக்கு ஐந்தாறு காட்சிகள். முன்வரிசையில் ஒருவர் எழுந்தால் போதும், பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் இருக்கைகளின் முதுகுமேலேயே கால் வைத்துத் தாவி முன்னால் ஓடிவருவார்கள். குதிரைகள் தடை தாண்டும் பந்தயத்தை நினைத்து இதற்கு ‘விண்ட்மில் ஸ்டீபிள்சேஸ்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். இந்தத் தாவல் நடந்துகொண்டிருக்கும்போதே, அடுத்த காட்சிக்குப் பெண்கள் தயாராகும் வரை, மேடையில் ஒருவர் தனியாக நின்று ஜோக் சொல்லிக்கொண்டிருப்பார். கீழே பாதிப் பேர் செய்தித்தாளை விரித்து வைத்திருப்பார்கள்.

அந்த இடத்தில் நின்று பழகியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. டோனி ஹான்காக், பீட்டர் செல்லர்ஸ், ஹாரி சீகோம்ப், மைக்கேல் பென்டைன் என்று பிற்கால பிரிட்டிஷ் நகைச்சுவையின் பெரிய பெயர்கள் பலவும் அந்த மேடையில் நின்றவைதான். பின்னாளில் நாடே கொண்டாடிய மோர்கம்–வைஸ் இணையை அங்கே சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வரிசையில் ஒல்லியாக, நீளமான தாடையோடு இன்னொரு இளைஞரும் இருந்தார். ஆடுவார், பாடுவார், பியானோ வாசிப்பார், மற்றவர்களைப் போலப் பேசிக் காட்டுவார். பெயர் புரூஸ் ஃபோர்சைத். தன்னைப் பார்க்க வராத கூட்டத்தின் முன் தினமும் ஐந்தாறு முறை நிற்பது எப்படி என்று அவர் அங்கே கற்றுக்கொண்டார். அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு அவருக்குச் சோறு போட்டது அந்தப் பாடம்தான்.

டிவி தொகுப்பாளர் என்ற தொழிலுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பிரிட்டனில் அதைச் செய்த முதல் தலைமுறை வெரைட்டி மேடையிலிருந்து வந்தது. பாட்டு, கழைக்கூத்து, மாயாஜாலம், பொம்மையைப் பேசவைப்பது என ஏழெட்டு உருப்படிகளை ஒரே இரவில் அடுக்கிக் காட்டுவது வெரைட்டி. ஓர் உருப்படிக்கும் அடுத்ததற்கும் நடுவில் வந்து பேச்சு கொடுப்பவர் காம்பியர். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்வதற்குப் பக்கத்தில் வருகிற வேலை: வருபவரை அறிமுகப்படுத்த வேண்டும், சிரிக்க வைக்க வேண்டும், உள்ளே வேஷம் முடியும் வரை கூட்டத்தைக் கலையாமல் வைத்திருக்க வேண்டும். அவருக்காக யாரும் காசு கொடுப்பதில்லை. அவர் சரியாக இல்லாவிட்டால் காசு கொடுத்ததெல்லாம் வீண்.

ஃபோர்சைத் 1928 பிப்ரவரி 22 அன்று வடக்கு லண்டனின் எட்மன்டனில் பிறந்தார். அப்பா கார் பழுதுபார்க்கும் கராஜ் வைத்திருந்தார். பெற்றோர் இருவரும் சால்வேஷன் ஆர்மி சபையைச் சேர்ந்தவர்கள். வீட்டில் இசைக்குப் பஞ்சமில்லை. சிறுவனாக இருந்தபோது ஃப்ரெட் அஸ்டேர் ஆடிய படம் ஒன்றைப் பார்த்தார். அதோடு அவருக்கு வேறு எந்தத் தொழிலும் கண்ணில் படவில்லை.

1939-ல், பதினோரு வயதில், பிபிசி டிவியின் திறமை நிகழ்ச்சி ஒன்றில் முகம் காட்டினார். பிபிசியின் டிவி ஒளிபரப்பு தொடங்கி அப்போது மூன்று வருடம்கூட ஆகவில்லை. லண்டனையும் சுற்றுப்புறத்தையும் தாண்டி அலை போகாது. டிவிப் பெட்டி வைத்திருந்த வீடுகள் சுமார் 20,000 இருக்கலாம். அதே ஆண்டு செப்டம்பர் 1-ம் தேதி போர் காரணமாக ஒளிபரப்பை நிறுத்தினார்கள். மறுபடி அது தொடங்கியது 1946 ஜூனில்தான். ஃபோர்சைத்தின் டிவி வாழ்க்கையை 1939-லிருந்து கணக்கிட்டு, ஆண் கலைஞர்களில் மிக நீண்டது என்று கின்னஸ் பிற்காலத்தில் பதிவு செய்தது. அந்தக் கணக்கின் முதல் ஏழு வருடங்களில் டிவியே இல்லை.

போர் நடந்துகொண்டிருந்த 1942-ல், பதினான்கு வயதில், பில்ஸ்டன் நகரின் தியேட்டர் ராயல் மேடையில் முதல்முறையாகத் தொழில்முறைக் கலைஞராக ஏறினார். விளம்பரத் தட்டியில் பெயர் ‘பாய் புரூஸ், தி மைட்டி ஆட்டம்’. மகா பலம் கொண்ட அணு என்று அர்த்தம். ஹிரோஷிமாவுக்கு மூன்று வருடம் முன்பு அது ஒரு குட்டிப் பையனுக்கு வைக்கிற செல்லப் பெயர்தான். கையில் அக்கார்டியன், காலில் டேப் ஷூ. பட்டியலில் அவர் பெயர் கடைசியில் இருந்தது. மறுவருடம் விமானப்படையில் இருந்த அண்ணன் ஜான், ஸ்காட்லாந்துக் கடலோரத்தில் நடந்த பயிற்சி ஒன்றில் உயிரிழந்தார். உடல் கிடைக்கவில்லை.

பிறகு பதினாறு வருடம் ஊர் ஊராகச் சுற்றல். வெரைட்டிக் கலைஞரின் வாரம் எல்லோருக்கும் ஒன்றுதான். திங்கள் முதல் சனி வரை ஒரே ஊர், தினமும் இரண்டு காட்சிகள். தங்குவதற்கு நாடகக்காரர்களுக்கென்றே அறை வாடகைக்கு விடுகிற அம்மாவின் வீடு. ஞாயிற்றுக்கிழமை அடுத்த ஊருக்கு ரயில். குரூ சந்திப்பில் வண்டி மாறும்போது நாலைந்து குழுக்கள் நடைமேடையில் சந்தித்து, எந்த ஊர்க் கூட்டம் கைதட்டுகிறது, எந்த ஊர் கல்லாக உட்கார்ந்திருக்கிறது என்று பேசிக்கொள்ளும். கோடையில் கடற்கரை ஊர்கள், கிறிஸ்துமஸில் பான்டமைம். நடுவில் இரண்டு வருடம் விமானப்படையில் கட்டாய சேவை. விண்ட்மில்லில் ஆடிய பென்னி கால்வர்ட்டை 1953-ல் மணந்துகொண்டு, இருவரும் ஜோடியாகவும் மேடையேறினார்கள்.

அந்தப் பிழைப்பில் ஒரு வசதி இருந்தது. பத்து நிமிட உருப்படி ஒன்று கையில் இருந்தால் போதும், ஆயுளை ஓட்டிவிடலாம். ஷெஃபீல்டில் சொன்ன ஜோக் அடுத்த வாரம் சண்டர்லாந்தில் புதுசு. அங்கிருந்து ஊர் ஊராகப் போய் ஷெஃபீல்டுக்குத் திரும்பும்போது ஒரு வருடம் ஓடியிருக்கும்.

டிவி இந்த வசதியில் கை வைத்தது. 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவைப் பார்க்க நாடு முழுக்க டிவிப் பெட்டி வாங்கினார்கள். 1955 செப்டம்பரில் விளம்பர வருமானத்தில் நடக்கும் ஐடிவி வந்தது. இருபது வருடம் ஊர் சுற்றிப் பக்குவப்படுத்திய பத்து நிமிடத்தை ஒரு ஞாயிறு இரவு டிவியில் செய்தால், திங்கள்கிழமை காலையில் அதை நாடே பார்த்து முடித்திருக்கும். அப்புறம் அதைக் கொண்டு எந்த ஊருக்கும் போகமுடியாது. டிவியில் முதல்முறை அபாரமாகச் சோபித்து, இரண்டாம் முறைக்குச் சரக்கில்லாமல் காணாமல் போனவர்கள் நிறையப் பேர். தியேட்டர்களும் ஒவ்வொன்றாக விளக்கணைத்தன. லண்டனில் சிஸ்விக் எம்பயர் 1959-ல் போயிற்று. ஃபின்ஸ்பரி பார்க் எம்பயர் அடுத்த வருடம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாட்டின் பெரிய வெரைட்டி தியேட்டர் சங்கிலி மாஸ் எம்பயர்ஸ். அதன் நிர்வாக இயக்குநராக இருந்த வால் பார்னெல் ஐடிவி கம்பெனிகளில் ஒன்றான ஏடிவியிலும் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். தன் கையிலிருந்த தியேட்டர்களிலேயே உயர்ந்ததான லண்டன் பல்லேடியத்துக்குள் கேமராவைக் கொண்டுபோனார். 1910-ல் திறந்த மண்டபம், இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கைகள். 1955 செப்டம்பர் 25-ம் தேதி ‘சண்டே நைட் அட் தி லண்டன் பல்லேடியம்’ நேரலையாகத் தொடங்கியது. முதல் தொகுப்பாளர் டாமி டிரிண்டர். டில்லர் கேர்ள்ஸ் நடனத்தில் ஆரம்பிக்கும். கடைசியில் சுழலும் மேடையில் எல்லாக் கலைஞர்களும் நின்று கையசைத்தபடி சுற்றி வருவார்கள். வெளியூர் வெரைட்டி தியேட்டர்களில் கூட்டம் குறையக் குறைய, பல்லேடியத்தைக் கூடத்திலிருந்தே பார்க்கும் கூட்டம் கோடிக்கணக்கில் ஏறியது.

1958-ல் அந்த நிகழ்ச்சி புதிய தொகுப்பாளரைத் தேடியபோது ஃபோர்சைத்துக்கு வயது முப்பது. தொழிலையே விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர். அந்த செப்டம்பரில் பல்லேடிய மேடையில் நின்றார். சில வாரங்களில் வீதியில் நடக்க முடியாத அளவுக்குப் பிரபலமானார்.

அவரை அப்படி ஆக்கியது ஜோக் எதுவும் இல்லை. நிகழ்ச்சியின் நடுவில் ‘பீட் தி க்ளாக்’ என்று ஒரு விளையாட்டு வரும். பார்வையாளர்களிலிருந்து வரும் கணவன் மனைவி ஜோடி, பின்னால் பெரிய கடிகாரம் ஓட ஓட, பலூன் உடைப்பதும் பந்து எறிவதும் கலைந்து கிடக்கும் சொற்களைப் பலகையில் அடுக்குவதுமாகத் திண்டாட வேண்டும். நிகழ்ச்சிக்கு இது வெறும் ஊறுகாய். பெரிய பாடகர் பின்பாதியில் வரும்வரை நேரம் போக்குவதற்கு. ஃபோர்சைத் அதைத்தான் பிடித்துக்கொண்டார். ஒரு இரவு ஆட்டத்தில் எல்லாம் தப்பும் தவறுமாகப் போய், போட்டியாளர் தன் இஷ்டத்துக்கு நடக்க ஆரம்பிக்க, ஃபோர்சைத் ‘ஐயாம் இன் சார்ஜ்!’ என்று கத்தினார். இங்கே பொறுப்பு நான்தான் என்று ஒருவர் கத்தவேண்டி வந்தாலே பொறுப்பு கைவிட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம். கூட்டம் அதைப் புரிந்துகொண்டு சிரித்தது. அடுத்த வாரம் அந்த வாக்கியம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாயில் இருந்தது.

பத்து நிமிட உருப்படியை டிவி ஒரே இரவில் தின்று தீர்த்துவிடும். பக்கத்தில் வந்து நிற்கும் ஆள் வாரா வாரம் மாறுவார். ஒருவர் பயப்படுவார், ஒருவர் அதிகப்பிரசங்கியாக இருப்பார், ஒருவருக்குக் காது கேட்காது. அது தீராத சரக்கு. வெரைட்டியில் மற்றவர்கள் உருப்படியைச் செதுக்கிக்கொண்டிருந்த காலத்தில், கேட்காத கூட்டத்தோடு பேச்சு கொடுத்துப் பழகியவருக்குத்தான் அதை எடுத்துப் பயன்படுத்தத் தெரிந்தது.

1961 டிசம்பர் 3-ம் தேதி அந்தப் பழக்கத்துக்கு ஒரு பரீட்சை வந்தது. நடிகர் சங்கமான ஈக்விட்டி, ஐடிவி கம்பெனிகளுக்கு எதிராக வேலைநிறுத்தத்தில் இருந்தது. வழக்கமான பட்டியல் போடக் கலைஞர்கள் இல்லை. ஃபோர்சைத்தும், திரைப்பட நகைச்சுவை நடிகர் நார்மன் விஸ்டமும் மட்டும் சேர்ந்து மொத்த நிகழ்ச்சியையும் ஓட்டினார்கள். அதில் இருவரும் சுவரில் காகிதம் ஒட்டும் காட்சி இன்றைக்கும் பேசப்படுகிறது. பசை, ஏணி, சுருட்டிய காகிதம், இரண்டு ஆட்கள். எது எதில் ஒட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. இடையில் வருகிறவரே முதலிலிருந்து கடைசிவரை நின்றாலும் பல்லேடியம் தாங்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

1963 அக்டோபர் 13 அன்று பீட்டில்ஸ் அங்கே பாடியபோதும் காம்பியர் அவர்தான். வெளியே தெருவை அடைத்துக்கொண்டு கூட்டம். சுமார் ஒன்றரைக் கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கு. நிகழ்ச்சி தொடங்கியதும் நால்வரையும் ஒரு கணம் மட்டும் காட்டிவிட்டு, மறுபடி பார்க்க இன்னும் 42 நிமிடம் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். கதறலுக்கு நடுவில் நின்று நேரக் கணக்கு சொல்லிச் சிரிக்க வைப்பது விண்ட்மில்லில் படித்த வித்தை. வேறு யாரையோ பார்க்க வந்த கூட்டம் அவருக்குப் புதுசா என்ன?

பல்லேடியத்தை விட்ட பிறகு அவர் ஆசைப்பட்டது முழு மேடைக் கலைஞராக நிற்கத்தான். 1964-ல் ‘லிட்டில் மீ’ என்ற இசை நாடகத்தில் ஏழு வேடங்களில் நடித்தார். ஹாலிவுட் படம் ‘ஸ்டார்!’-இல் ஜூலி ஆண்ட்ரூஸின் அப்பாவாக வந்தார். டிஸ்னியின் ‘பெட்நாப்ஸ் அண்ட் புரூம்ஸ்டிக்ஸ்’ படத்தில் சின்ன வில்லன். எல்லாம் மரியாதையான வேலைகள். எதுவும் ஆளைத் தூக்கி நிறுத்தவில்லை.

தூக்கி நிறுத்தியது மறுபடியும் ஒரு விளையாட்டு. டச்சு டிவியில் ஓடிக்கொண்டிருந்த ‘எட்டில் ஒருவர்’ என்ற பொருள்படும் நிகழ்ச்சியின் உரிமையை வாங்கி, பிபிசி 1971 அக்டோபர் 2-ம் தேதி ‘தி ஜெனரேஷன் கேம்’ என்று தொடங்கியது. நாலு ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் ஒரே குடும்பத்தின் இரண்டு தலைமுறை: அம்மாவும் மகனும், அப்பாவும் மகளும், மாமாவும் மருமகளும். கைதேர்ந்த ஒருவர் வந்து ஒரு வேலையைச் செய்து காட்டுவார். குயவர் சக்கரத்தில் மண்ணை வைத்து இரண்டு விரல் கொடுத்தால் குடம் எழும்பும். பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். பிறகு வங்கி குமாஸ்தாவும் அவருடைய மாமியாரும் அதே சக்கரத்தில் உட்கார்வார்கள். மண் சாயும், கிழியும், மடியில் வந்து விழும்.

இந்த இடத்தில் ஃபோர்சைத் என்ன செய்தார் என்பதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். அவர் அருகில் போய் எட்டிப் பார்ப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். தலையை மெதுவாகத் திருப்பி நேராகக் கேமராவைப் பார்ப்பார். ‘என் தலையெழுத்தைப் பாருங்கள், எப்படிப்பட்டவர்களை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்’ என்று அந்தப் பார்வை வீட்டில் இருப்பவரிடம் தனியாகச் சொல்லும். பிறகு திரும்பி, போட்டியாளரின் தோளில் கை போட்டு, அபாரம் என்பார். சிணுங்குவார், அதட்டுவார், குறித்து வைத்த அட்டையைக் காணோம் என்று தேடுவார். அவருடைய நீளத் தாடையைப் பற்றியும் தலையில் இருந்த முடி சொந்தமா என்பது பற்றியும் நாடே ஜோக் அடித்தது. அவரும் சேர்ந்து அடித்தார். தன்னைக் கேலிசெய்ய இடம் கொடுத்ததால் மற்றவரைக் கேலிசெய்யும் உரிமை அவருக்குக் கிடைத்தது. இல்லாவிட்டால் மாமியாரின் மடியில் விழுந்த மண் வெறும் அவமானமாகப் போயிருக்கும்.

கடைசியில் வென்றவர் ஒரு நாற்காலியில் உட்கார, எதிரே கன்வேயர் பெல்ட்டில் பரிசுப் பொருட்கள் நகர்ந்து போகும். டோஸ்டர், டீ செட், ஹேர் டிரையர், பிக்னிக் கூடை, தவறாமல் ஒரு துணிப் பொம்மை. பெல்ட் நின்றதும் நினைவிலிருந்து எத்தனை சொல்கிறாரோ அத்தனையும் அவருக்கு. நேரம் 45 விநாடி. அரங்கம் முழுக்க ‘பொம்மை, பொம்மை’ என்று கத்தும். வீட்டு உபயோகப் பொருட்கள் நடுத்தர வர்க்கத்துக்கு எட்டத் தொடங்கிய எழுபதுகளின் பிரிட்டனை அந்தப் பெல்ட்டை வைத்தே ஒரு பட்டியலாக எழுதிவிடலாம்.

‘நைஸ் டு சீ யூ, டு சீ யூ...’ என்று அவர் நிறுத்த, கூட்டம் ‘நைஸ்!’ என்று முடிக்கும். இந்த வணக்கம் அவரோடு சாகும் வரை ஒட்டிக்கொண்டது. சனிக்கிழமை மாலை என்பது பிபிசிக்கு ஒரு சாப்பாட்டு வரிசை மாதிரி ஆனது: ‘டாக்டர் ஹூ’ முடிந்து ஃபோர்சைத், பிறகு நகைச்சுவை, கால்பந்து, பார்க்கின்சனின் பேட்டி. சில வாரங்களில் பார்வையாளர் எண்ணிக்கை 2 கோடியைத் தொட்டது. அப்போது பிரிட்டனின் மொத்த ஜனத்தொகை ஐந்தரைக் கோடி சொச்சம்.

இன்றைய கண்ணுக்கு உறுத்துகிற விஷயங்களும் அதில் இருந்தன. உதவியாளராக வந்த ஆந்தியா ரெட்ஃபெர்னிடம், கவுன் தெரியும்படி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டச் சொல்வது நிகழ்ச்சியின் வாடிக்கை. அவரையே ஃபோர்சைத் 1973-ல் மணந்தார். சில ஆண்டுகளில் அந்த மணமும் முறிந்தது. பரிசு தூக்கிக் காட்டவும் புன்னகைக்கவும் பெண், பேசுவதற்கு ஆண் என்ற இந்த ஏற்பாடு அன்றைய விளையாட்டு நிகழ்ச்சிகள் பலவற்றிலும் எழுதப்படாத சட்டம்.

1978-ல் ஐடிவி அவரை வலைவீசிப் பிடித்தது. ‘புரூஸ் ஃபோர்சைத்ஸ் பிக் நைட்’: சனிக்கிழமை இரவு இரண்டு மணி நேரமும் அவர் கையில். பாட்டு, பேட்டி, விளையாட்டு, நாடகம் எல்லாம். பெயரிலேயே அவர் இருந்தார். எதற்கும் இடையில் வரவேண்டிய அவசியமே இல்லை. நிகழ்ச்சி சில மாதங்கள்கூடத் தாங்கவில்லை. பத்திரிகைகள் தாளித்துக் கொட்டின. இதற்கிடையே பிபிசியில் அவர் விட்ட இடத்துக்கு லாரி கிரேசன் வந்தார். ஃபோர்சைத் மேய்த்துக் கட்டுகிறவர் என்றால் கிரேசன் எதுவும் புரியாமல் விழிக்கிறவர். விதி தெரியாது, மதிப்பெண் தெரியாது, இஸ்லா செயின்ட் கிளேர் வந்து எடுத்துக்கொடுக்க வேண்டும். ஜனங்களுக்கு அதுவும் பிடித்திருந்தது. கூட்டம் முன்பைவிட அதிகமாயிற்று. 1979-ல் ஐடிவி வேலைநிறுத்தத்தில் கிடந்த வாரங்களில் எண்ணிக்கை இன்னும் எகிறியது.

ஃபோர்சைத் மீண்டது ஒரு சீட்டுக்கட்டைப் பிடித்துக்கொண்டு. அமெரிக்காவில் ‘கார்ட் ஷார்க்ஸ்’ என்று ஓடிய விளையாட்டை, 1980-ல் ‘ப்ளே யுவர் கார்ட்ஸ் ரைட்’ என்று ஐடிவியில் நடத்தினார். பலகையில் பெரிய சீட்டுகள் வரிசையாகக் கவிழ்ந்திருக்கும். ஒன்றைத் திருப்பினால் அடுத்தது அதைவிடப் பெரியதா, சிறியதா என்று ஊகிக்க வேண்டும். விளையாட்டு அவ்வளவே. குழந்தைகூட ஆடலாம். ஆனால் எட்டுக்குப் பிறகு என்ன என்று ஒரு தம்பதி திணறும்போது முந்நூறு பேர் ‘மேலே! கீழே!’ என்று தொண்டை கிழியக் கத்துவதும், நடுவில் அவர் கைகளை விரித்து இரண்டு பக்கமும் மாறி மாறிக் கெஞ்சுவதும்தான் நிகழ்ச்சி. ‘புள்ளிகள் எதைத் தரும்?’ என்று கேட்டால் ‘பரிசு!’ என்று அரங்கம் பதில் சொல்லும். ஆரம்பத்தில் எழுதிக் கொடுத்த வசனங்கள், பிற்பாடு கேள்வி பதில் வழிபாடு மாதிரி ஆகிவிட்டன.

அமெரிக்காவில் மட்டும் இந்த வித்தை பலிக்கவில்லை. 1979-ல் பிராட்வேயின் விண்டர் கார்டன் தியேட்டரில் தனிநபர் காட்சி நடத்தினார். 1986-ல் ஏபிசி சேனலில் ‘ஹாட் ஸ்ட்ரீக்’ என்ற விளையாட்டு நிகழ்ச்சி. பதிமூன்று வாரத்தில் முடிந்தது. அவர் கேமராவைத் திரும்பிப் பார்க்கிற பார்வைக்குப் பின்னால், முப்பது வருடம் அவரைத் தெரிந்த ஒரு கூட்டம் தேவைப்பட்டது. நியூயார்க்கில் அவர் புது ஆள்.

தொண்ணூறுகளில் ஜெனரேஷன் கேமுக்குத் திரும்பி நாலு வருடம் ஓட்டினார். பிறகு ஐடிவியில் ‘தி ப்ரைஸ் இஸ் ரைட்’. 2001-ல் அதுவும் முடிந்தது. எழுபது தாண்டியவரை இளைய பார்வையாளர்களைத் தேடிய சேனல்களுக்கு வேண்டியிருக்கவில்லை. ஓய்வுபெற்றவர் என்று ஊர் முடிவு கட்டியது.

2003-ல் பிபிசியின் அரசியல் நையாண்டி நிகழ்ச்சி ‘ஹேவ் ஐ காட் நியூஸ் ஃபார் யூ’வில் நிரந்தரத் தொகுப்பாளர் இல்லை, வாரம் ஒருவரை அழைத்துக்கொண்டிருந்தார்கள். எழுபத்தைந்து வயது ஃபோர்சைத் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஈராக் போரின் சமயம் அது. தான் தேடிக்கொண்டிருந்த சதாம் ஆட்சியாளர்களின் படங்களை அமெரிக்க ராணுவம் சீட்டுக்கட்டாக அச்சிட்டிருந்தது. அதை வைத்து, தன் பழைய சீட்டு விளையாட்டையே ‘ப்ளே யுவர் ஈராக்கி கார்ட்ஸ் ரைட்’ என்று ஆடிக்காட்டினார். அரசியல்வாதிகளைக் கிழித்துத் தொங்கவிடும் குழு, ‘மேலே, கீழே’ என்று கத்தியது. அடுத்த வருடமே பிபிசி அவரைக் கூப்பிட்டது.

கூப்பிட்டது ஒரு நடன நிகழ்ச்சிக்கு. ‘கம் டான்ஸிங்’ என்ற பெயரில் பிபிசி பல பத்தாண்டுகள் ஒளிபரப்பிய ஜோடி நடனப் போட்டியைத் தூசு தட்டி, பிரபலங்களைத் தொழில்முறை நடனக் கலைஞர்களோடு ஆடவிடும் ‘ஸ்ட்ரிக்ட்லி கம் டான்ஸிங்’ 2004 மே 15 அன்று தொடங்கியது. டெஸ் டேலியோடு ஃபோர்சைத் தொகுப்பாளர். இதே வடிவம் ‘டான்ஸிங் வித் தி ஸ்டார்ஸ்’ என்று உலகம் சுற்றியது. இந்தியாவில் ‘ஜலக் திக்லா ஜா’ ஆனது. மேடையில் மறுபடி அதே வேலை: ஒரு ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் வரை, மூச்சு வாங்கியபடி நிற்கும் கிரிக்கெட் வீரரையும் செய்தி வாசிப்பாளரையும் தேற்ற வேண்டும். நடுவர்கள் குறைந்த மதிப்பெண் கொடுத்த ஜோடியிடம் போய், எனக்குப் பிடித்தவர்கள் நீங்கள்தான் என்பார். எல்லா ஜோடியிடமும் அதையே சொல்வார். டெலிபிராம்ப்டரைப் படிப்பதில் தடுமாறினார், ஜோக்குகள் பழசாக இருந்தன என்று விமர்சனம் எழுந்தது. தடுமாற்றத்தையே ஜோக்காக மாற்றினார்.

2011-ல் சர் பட்டம். 2013-ல், எண்பத்தைந்து வயதில், கிளாஸ்டன்பரி இசைவிழாவில் இளைஞர் கூட்டத்தின் முன் பாடினார். 2014-ல் ஸ்ட்ரிக்ட்லியின் வாராந்தர நேரலையிலிருந்து விலகினார். 2017 ஆகஸ்ட் 18 அன்று, எண்பத்தொன்பதாவது வயதில் இறந்தார். அஸ்தியை மறுவருடம் பல்லேடியம் மேடைக்கு அடியில் வைத்தார்கள். விண்ட்மில் தியேட்டர் 1964-லேயே மூடியாயிற்று.

ஸ்ட்ரிக்ட்லியில் அவர் இடத்துக்கு கிளாடியா விங்கிள்மேன் வந்தார். பிரிட்டனின் பெரிய சனிக்கிழமை நிகழ்ச்சியை டெஸ் டேலியும் அவருமாக இரண்டு பெண்கள் நடத்தினார்கள். சுற்றிக் காட்டச் சொல்ல ஆணே இல்லை. கூட்டம் குறையவில்லை. ஜெனரேஷன் கேமையும் பிபிசி விட்டுவிட மனசில்லாமல் 2018-ல் மெல் கீட்ராய்க், சூ பெர்க்கின்ஸ் ஜோடியை வைத்து எடுத்துப் பார்த்தது. சமையல் போட்டி நிகழ்ச்சியில் நாட்டின் மனதைக் கவர்ந்திருந்தவர்கள். கன்வேயர் பெல்ட் ஓடியது, துணிப் பொம்மை வந்தது, போட்டியாளர்களும் தப்பும் தவறுமாகத்தான் செய்தார்கள். ஈஸ்டர் சமயத்தில் இரண்டு பகுதிகள் ஒளிபரப்பாயின. அதோடு நிறுத்திவிட்டார்கள்.